தடம் கட்டும் நாள்

அன்று காலை தடத்து வாயில் வந்து நின்றவர்கள் ஏழு பேர். அப்பா, அம்மா, நான். எங்கள் நிலத்துக்குக் கிழக்கே காடு வைத்திருக்கும் உறவுக்காரர், கிழக்குக் காட்டுக்காரர். கிராம நிர்வாக அலுவலர். எங்கள் ஊரில் அவரை இன்றும் மணியகாரர் என்றுதான் சொல்வார்கள். ரயில்வேயிலிருந்து ஒரு பொறியாளர். அவரோடு, அளக்கிற நாடாவும் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் எடுத்து வந்த டிராக்மேன் ஒருவர். வராதவர்கள் இரண்டு பேர். சித்தப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், செத்துப்போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. உண்மையில் மூன்றாவதாகவும் ஒருவர் வந்திருக்க வேண்டும். ஆனால் அதை ஒருவர் என்று எண்ணலாமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தத் தடத்தை முதலில் போட்ட சின்ன ரயில் கம்பெனியைத்தான் சொல்கிறேன்.

தடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தார் ரோட்டிலிருந்து பிரிந்து, ரயில் லைனை ஒட்டியே, ஒரு லாரி போகிற அகலத்தில் இரண்டு பர்லாங்கு மண் பாதை. அதன் கடைசியில் ஒரு காலத்தில் சரக்கு மேடை இருந்ததாம். கடலைக்காய் மூட்டையும் பருத்திப் பொதியும் அங்கேதான் ஏற்றுவார்களாம். இப்போது கருங்கல் நாலைந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் எங்கள் மூன்று ஏக்கர். மேற்கே லைன், தெற்கே ஓடை, வடக்கே பாறை, கிழக்கே கிழக்குக் காட்டுக்காரரின் கம்பி வேலி. தடம் இல்லாவிட்டால் எங்கள் காட்டுக்குள் ஆள் நடந்து போகலாம், ஆடு போகலாம். லாரி போக முடியாது.

லாரி போகாவிட்டால் மரவள்ளி, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு, வெளியே வராது. பத்து மாதப் பயிர். மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டால் மறுநாளுக்குள் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கறுத்துவிடும். பிடுங்காமலே விட்டாலும் மாவு குறைந்துகொண்டே போகும். அந்த வருடம் மூன்று ஏக்கரும் கிழங்குதான். ஆள் சொல்லி, மில்லில் தேதி வாங்கி, லாரிக்கும் சொல்லிவிட்ட சமயத்தில்தான் தடத்து வாயில் நிற்கும் வேப்பமரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. லைன் ஓரம் முழுவதும் வேலி போடப் போகிறார்கள், தடத்து வாயும் அடைபடும், ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளில் எழுதித் தரலாம்.

எழுதித் தருவதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஆள்தான் உண்டு. அப்பா கையெழுத்து மட்டும் பழகியவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. சித்தப்பா போர்டு பார்த்து ஊர் பெயர் படிப்பார், அதுவும் நாலைந்து மாநிலத்தில் சுற்றிப் பழகியதால் வந்தது. நான் சேலத்தில் கல்லூரியில் வரலாறு படித்தேன். இப்போது நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எழுத்தர் வேலை. வரலாறு படித்தவன் என்பதால் ரயிலின் வரலாறும் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் கொஞ்சம் நம்பினேன்.

முதலில் யாருக்கு எழுதுவது என்று தெரிய வேண்டியிருந்தது. வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த பழைய கிரயப் பத்திரத்தில் எங்கள் நிலம் 'கம்பெனி ரயில்ரோட்டுக்குக் கிழக்கு' என்று இருக்கிறது. எந்தக் கம்பெனி என்று இல்லை. எழுதியவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயமாக இருந்திருக்கும். தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் அதே இடத்துக்கு வேறொரு பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. அதன்மேல் கோடு கிழித்து, வேறு மையில் 'ரயில்வே புறம்போக்கு' என்று எழுதியிருந்தார்கள். மணியகாரரிடம் கேட்டேன். சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனி சேர்த்துக்கொண்டது, பெரிய கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அரசாங்கம் அதை மண்டலமாகவும் கோட்டமாகவும் பிரித்தது, எங்கள் பக்கம் பாலக்காட்டோடு இருந்து பிறகு சேலம் தனியானது, அவ்வளவுதான் அவருக்கும் தெரியும் என்றார்.

தண்டவாளம் கைமாறியது எனக்குப் புரிந்தது. எஞ்சின், பெட்டி, ஸ்டேஷன் கடிகாரம், மேசை நாற்காலி எல்லாவற்றையும் பட்டியல் எழுதித்தானே ஒப்படைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் தடம் இருந்ததா? இருந்தால் அது ரயில்வேயுடையது. இல்லாவிட்டால்? கம்பெனியே இல்லாமல் போன பிறகு, கம்பெனி யாருக்கும் கொடுக்காமல் விட்ட மண் யாருடையது? மூன்று நாள் இதையே யோசித்துக்கொண்டு, ஈரோட்டுக்குப் போக வேண்டிய சரக்குக்குக் கரூர் என்று எழுதி முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

கடைசியில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. பட்டியல் கிடக்கட்டும். நாங்கள் மூன்று தலைமுறையாக இந்தத் தடத்தில் போய் வருகிறோம். அதை ஆதாரத்தோடு காட்டினால் போதும். ஆதாரம் எங்கள் கையிலேயே இருந்தது. எந்த ஊரிலும் யாரிடமும் இல்லாத ஆதாரம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருநாள் தடம் கட்டுவோம். விடிவதற்குள் அப்பா வேலிமுள் வெட்டி வந்து தடத்து வாயில் குறுக்கே போடுவார். இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கயிறு கட்டுவார். அன்று பொழுது சாயும்வரை அந்த வழியாக வண்டி போகக்கூடாது, மாடு போகக்கூடாது, சைக்கிள்கூட ஆகாது. அவசரமாக வருகிறவர்களை ஓடை வழியாகச் சுற்றிப் போகச் சொல்ல அப்பா அங்கேயே கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைப்பாள். தேங்காய் உடைத்து, பொழுதோடு முள்ளை எடுத்துவிட்டால் முடிந்தது. உறவுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "ஏனுங்க மச்சான், ரயிலுக்கு நோம்பி சாட்டியாச்சுங்களா?" என்று வருடா வருடம் கேட்பவர் கிழக்குக் காட்டுக்காரர். கேட்டுவிட்டு வட்டிலில் பொங்கலும் வாங்கிக்கொண்டு போவார்.

எங்கள் மற்ற நோம்பிகள், அதாவது பண்டிகைகள், எல்லாம் தமிழ் மாதம் பார்த்து, கிழமை பார்த்து, பிறை பார்த்து வருபவை. இது ஒன்றுதான் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி. நல்ல காரியம் எதுவும் தொடங்காத மார்கழியில், இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்து ஒரு நோம்பி. அது ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பரீட்சையில் எத்தனையோ 'ஏன்' எழுதியிருக்கிறேன்.

மனுவில் இதை ஒரு முழுப் பத்தியாக எழுதினேன். எங்கள் பாட்டனார் காலம்தொட்டு ஆண்டுதோறும் இந்நாளில் தடத்தை அடைத்து வழிபடுவது எங்கள் குடும்ப மரபு, இதுவே எங்களுக்கும் இத்தடத்துக்கும் உள்ள உறவின் தொன்மைக்குச் சான்று. 'தொன்மை' என்ற சொல் வந்ததும் எனக்கே ஒரு நிமிர்வு வந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் நடந்து முடிந்திருந்ததால் செல்போனில் படமும் இருந்தது. முள், கயிறு, கட்டிலில் அப்பா, பின்னால் லைனில் போகும் கூட்ஸ் வண்டி. அதைக் கலரில் பிரின்ட் எடுத்து இணைத்தேன்.

தடத்து வாயில் நின்றபடியே பொறியாளர் அந்த மனுவைப் படித்தார். விருத்தாசலத்துப் பக்கத்து ஆள், ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்தை முகத்துக்குக் கிட்டே வைத்துப் படிப்பவர். முதல் பக்கம் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் பத்தியைப் படித்தார்.

"தம்பி, இது யார் எழுதினது?"

"நான்தானுங்க சார்."

"வக்கீல் யாரும் பார்க்கலையா?"

"இல்லீங்க சார். நானே ரோசனை பண்ணி எழுதினதுங்க."

அவர் அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, இந்தப் பாதையில உங்களை இதுவரைக்கும் யாராவது தடுத்திருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்லீங்க சார். எங்களத் தடுக்கறதுக்கு ஆருங்க இருக்கறாங்க?"

"அப்போ வருசத்துல ஒருநாள் அடைக்கிறது யாரு?"

"நாந்தானுங்க. எனக்கு முன்னால எங்கப்பன் கட்டுனாரு. ஒரு வருசம் உட்டதில்லீங்க. எங்கம்மா செத்த வருசங்கூட, தீட்டுன்னு பொங்க வெக்கலீங்க, ஆனா முள்ளு போட்டுப்புட்டமுங்க." அப்பா இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார்.

பொறியாளர் சிரித்துவிட்டார். உடனே நிறுத்தியும் கொண்டார். டிராக்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்கப்பாவுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?"

"சரக்கு மேடையில மூட்டை தூக்கிட்டு இருந்தாருங்க. கம்பெனிக்காரங்க சொன்னதா ஒரு பேச்சு. எந்தம்பிக்குத்தான் விவரமாத் தெரியுமுங்க."

நான் சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ரிக் ஓடும் இரைச்சலுக்கு நடுவே சித்தப்பா கத்தினார்.

"அதாண்டா, ஸ்டேசன் மாஸ்டர் வருசக் கடைசியில அப்பனைக் கூப்புட்டு, இன்னைக்கு ஒருநா முள்ளுப் போட்டு மறிச்சுக் கட்டீரு, ஒருத்தனையும் உடாதேம்பாரு. பொழுதோட ஒரு வேட்டி குடுப்பாரு. அப்பறம் கம்பெனி மாறிப் போச்சு. மேடையை மூடிப்புட்டாங்க. மாஸ்டரும் போயிட்டாரு."

"அப்பறம் ஏன் கட்டுனாரு சித்தப்பா?"

"நிறுத்தச் சொல்லி ஒருத்தனும் வந்து சொல்லுலியேடா!"

"வேட்டி?"

"வேட்டியா? ஒரு துண்டுகூட வல்ல. கட்டாம உட்டா ஏதோ குத்தம் வந்துரும்னு ஆத்தாதான் தேங்கா ஒடைக்கச் சொன்னா. ஏண்டா, இப்ப எதுக்குடா இதெல்லாம்? அக்கட்ட ஆரு இருக்கறாங்க?"

நான் போனை அணைத்தேன்.

பொறியாளர் பொறுமையாக விளக்கினார். தன் நிலத்தில் ஊரார் போக ஒரு கம்பெனி பாதை விட்டால், அது நாளாக ஆக ஊராருடையதே ஆகிவிடும் என்ற பயம் உண்டு. அதனால் வருடத்தில் ஒருநாள் அதை அடைப்பார்கள். அப்படி அடைத்தால், மற்ற நாட்களில் எல்லோரும் போனது கம்பெனியின் சம்மதத்தால்தான் என்று ஆகிவிடும். உரிமை கம்பெனியிடமே நிற்கும். "சின்னக் கம்பெனிக்காரன் ஒழுங்கா செஞ்சிருக்கான். பெரிய கம்பெனி சேர்த்துக்கிட்டப்போ இதை யாரும் கவனிக்கலை. எங்களுக்கே தெரியாது. நாங்க ஒரு வருசம்கூட அடைச்சதில்லை."

படத்தில் இருந்த முள்ளைத் தொட்டுக் காட்டினார். "நீங்கதான் எங்களுக்காக அடைச்சிருக்கீங்க."

கிழக்குக் காட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மச்சான், வேட்டியே வாங்காம ரயில்வேக்கு இத்தன வருசம் ஊழியம் பண்ணிருக்கறீங்களே!"

"நீங்க கம்முனு இருங்கண்ணா," என்றாள் அம்மா. "வருசா வருசம் வட்டல்ல பொங்கல் வாங்கித் தின்னவீங்கதான நீங்களும்?"

எனக்கு அப்பாருவின் பேரில் கோபமா, என்மேல் கோபமா, எதுவும் பிடிபடவில்லை. முள் போட்டது குற்றமா? அது வழிபாடுதானே? வழிபாடு என்று நாங்கள் நினைத்தால் அது வழிபாடா, அல்லது இல்லாத கம்பெனி நினைத்தபடி அது கம்பெனியின் வேலையா? அந்தப் பட்டியலைப் பற்றியும் பொறியாளரிடம் கேட்டேன். கம்பெனி ஒப்படைத்த பட்டியல் தன் ஆபீசில் இல்லை, எங்கே இருக்கிறது என்றும் தெரியாது, அதில் இந்தப் பாதை இருக்கிறதா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். "ஆனா பட்டியல்ல இல்லாட்டிக்கூட, இது ரயில்வேயோடதுன்னு நீங்களே வருசா வருசம் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே தம்பி."

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கு டீ குடிக்கணும். அரை மணி நேரத்துல வர்றேன். மனுவுல இன்னும் சீல் வைக்கலை," என்றார். மனுவை மணியகாரர் கையில் கொடுத்துவிட்டு, டிராக்மேனைக் கூட்டிக்கொண்டு தார் ரோட்டுப் பக்கம் நடந்தார்.

மணியகாரர் அதை என்னிடம் நீட்டினார். "சாமி, மனுசன் கண்ணை மூடிக்கிட்டு வழி காட்டிட்டுப் போறாரு. அந்தப் பத்தியை எடுத்துப்புட்டு வேற எழுது. தடம் எந்நாளும் தெறந்தேதான் கெடந்துச்சு, ஒருத்தரும் மறிக்கலைன்னு எழுது. போட்டோவை உருவிப்போடு. மித்ததை நான் பாத்துக்கறேன்."

அவருடைய பையிலேயே வெள்ளைத்தாள் இருந்தது. பேனா என் சட்டைப்பையில் இருந்தது. வேப்பமரத்தடியில் கிடந்த கல்லின்மேல் தாளை வைத்தேன். பெறுநர், அனுப்புநர் எல்லாம் வேகமாக எழுதிவிட்டேன். 'மேற்படி தடம் எக்காலத்திலும் எவராலும்' என்பதுவரை வந்தது. அப்பா பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்னடா எழுதற? படி."

படித்தேன்.

"எவராலும்னா? நான் கட்டலியா?"

"கட்டலைன்னு எழுதுனாத்தாம்ப்பா தடம் நிக்கும்."

"கீழ ஆரு கையெழுத்துப் போடோணும்?"

"நீங்கதாம்ப்பா."

"இப்பத்தானடா அத்தன பேருக்கு முன்னால கட்டுனேன்னு சொன்னேன்?"

"போட்டுக் குடுங்க," என்றாள் அம்மா. "கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்குது. உங்க பேச்சப் பாத்தா பொழப்பு ஆவுமா?"

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "இருவது வருசத்துக்கு மேல நானே கட்டிப்புட்டு, கட்டவே இல்லைன்னு எப்படிப் புள்ள போடறது? எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கையெழுத்து. அதையும் பொய்யிக்குப் போடோணுமா?" பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லு. படிச்சவன் நீதான? போடுன்னா போடறேன்," என்றார்.

அவர் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். போடுகிறேன் என்றிருந்தால் மீதியை எழுதியிருப்பேன். மூன்று ஏக்கர் கிழங்கு என் கண்முன் இலை உதிர்த்து நின்றது. கல்லூரியில் எத்தனையோ பழைய ஆவணங்களைப் பற்றிப் படித்தேன். அவற்றில் எது பொய், எது மெய் என்று வாய்கிழியப் பேசினோம். அவற்றை எழுதியவன் பக்கத்தில் இப்படி ஒருவர் குந்தியிருந்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"வேண்டாம்ப்பா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், நேர்மை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பத்தி நான் எழுதியது, அது நன்றாக வந்திருந்தது, அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதும் அதில் கலந்திருந்ததோ என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

பொறியாளர் டீ குடித்துவிட்டு வந்து, அதே மனு அதே பக்கங்களோடு இருப்பதைப் பார்த்தார். சீல் வைத்தார். டிராக்மேன் தடத்து வாயில் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு போட்டார்.

அடுத்த வாரமே இரும்புத்தூண் இறங்கிவிட்டது. வக்கீலைப் பார்த்தோம். வழக்குப் போடலாம், பட்டியலைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் கிழங்கு அதுவரை காத்திருக்காது என்றார். சேலத்து ஆபீசுக்கு நான் மூன்று முறை போனேன். ஒரு முறை அந்தப் பழைய கோப்பு பாலக்காட்டில் இருக்கும் என்றார்கள், ஒரு முறை சென்னையில் இருக்கும் என்றார்கள், மூன்றாம் முறை ஒருவர் அன்பாக உட்காரவைத்து, அந்தச் சின்னக் கம்பெனியின் பெயரை என்னிடமே கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிழக்குக் காட்டுக்காரர் வேலியைப் பிரித்து வழிவிடுகிறேன் என்றார். அதற்கு அவர் கேட்டது பணம் இல்லை, ஓடையோரமாக எங்களுக்கு இருந்த அரை ஏக்கர். "ஒறவு ஒறம்பரைக்குள்ள கணக்கு எதுக்குங்க மச்சான், மண்ணுக்கு மண்ணு," என்றார். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

மிஞ்சியது பொறியாளரே சொன்ன வழிதான். ரயில்வே நிலத்தில் போய்வர உரிமம் வாங்குவது. தூணுக்கு நடுவே ஒரு கேட், அதற்குப் பூட்டு, ஒரு சாவி எங்களிடம், ஒரு சாவி அவர்களிடம். முத்திரைத்தாளில் ஒப்பந்தம். இந்தத் தடத்தில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, என்றும் கோர மாட்டோம் என்று அதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது நெசந்தான?" என்று கேட்டார். நெசந்தான் என்றேன். பட்டியலைப் பார்க்காமல் அது நெசமா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் மூன்று பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

பேங்கில் டிடி எடுக்கும்போது யார் பெயருக்கு என்று கேட்டார்கள். ஒரு பதவியின் பெயரைச் சொன்னேன். "கம்பெனி பேரு இதுதானா?" என்று அப்பா என் காதில் கேட்டார். கம்பெனி இல்லை, அரசாங்கம் என்றேன். "அப்ப கம்பெனிக்கு நாம ஒண்ணும் தர வேண்டியதில்லை?" என்றார். இல்லை என்றேன். அவருக்கு அதில் நிம்மதியா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை.

கேட் திறந்து முதல் லாரி உள்ளே போனது பங்குனி கடைசியில். கிழங்கில் மாவு இறங்கிவிட்டிருந்தது. மில்லில் எடை போட்டு, சோதித்து, விலையைக் குறைத்தே எடுத்தார்கள். உரிமக் கட்டணம், வைப்புத்தொகை, முத்திரைத்தாள், கேட் செய்த கூலி, வக்கீலுக்குக் கொடுத்தது, சேலத்துக்குப் போய்வந்தது, மில்லில் விலை குறைந்ததால் போனது எல்லாம் சேர்த்து எங்களுக்கு அந்தத் தடம் கடைசியில் தொண்ணூற்று இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.